கணுக்கால் உயரம்

மே பதினேழு. கோத்தகிரி, தாலுகா ஆஸ்பத்திரி.
சீட்டு வரிசைக்கு நிழல் வேண்டுமென்று வைத்த காட்டுச்செண்பகம்
மூன்றே நாளில் மொட்டை.

உதிர்ந்தவை பழுக்கவில்லை.
பச்சையாகவே, ஓரம் மட்டும் பீடி சுட்டதுபோல் கருகி
சிமெண்டில் சுருண்டு கிடந்தன.
வெள்ளைக்கோட்டுக்காரர்களின் செருப்பில் நொறுங்கின.

"தோட்டம் நீதானே பார்க்கிறாய்?
என்னவென்று எழுதிக் கொடு" என்றார் ஆபீஸ் சூப்பரண்டு.
நான் புல் வெட்டுகிறவன். தினக்கூலி.
அதைச் சொல்வதற்குள் காகிதம் என் கையில் இருந்தது.

வரிசையில் நின்ற எல்லோரும் டாக்டர்கள்.
காட்டெருமை உரசியிருக்கும் என்றார்
வெள்ளைத் துண்டு போர்த்திய நஞ்சியம்மா, இருமலுக்கு நடுவே.
அரவேணு ஜீப் டிரைவர் வெயில்தான் என்றான்:
ஊட்டியிலேயே இப்போது ஃபேன் விற்கிறார்களாம்.
செக்யூரிட்டி ஞானமுத்து ஒன்றும் சொல்லவில்லை,
குஞ்ஞாலியின் கேண்டீன் பக்கம் கண்ணை மட்டும் காட்டினார்.
கொதிநீர்.

மண்ணை அள்ளி முகர்ந்தேன்.
சோப்பு வாடை இல்லை, தேயிலைச் சண்டு இல்லை.
விரலை இறக்கினேன். இரண்டாம் கணு வரை ஈரம்.
கீழே தண்ணீர், மேலே தாகம்.
நடுவில் எங்கோ வழி அடைத்திருக்கிறது.

நுனிக்கிளையை நகத்தால் சுரண்டினேன். பழுப்பு.
ஒரு சாண் கீழே, பழுப்பு.
தோள் உயரத்தில் பச்சை,
வெள்ளரிக்காய்த் தோலுக்கடியில் இருக்குமே, அந்தப் பச்சை.
"உசிர் இருக்கு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.
இடுப்பில் பச்சை. முழங்காலில் பச்சை.
மண்டியிட்டு அடிப்புல்லை விலக்கினேன்.

பட்டை இல்லை.

சுற்றிலும் ஒரு வளையம்.
ஒரே நாளில் விழுந்த வெட்டல்ல அது.
பழையது கறுத்து, தழும்பு உதடு மடித்திருந்தது.
அதன்மேல் இன்னொன்று. அதன்மேல்
போன வாரத்தது, வெளிறி, நார் தொங்க.
பல் பட்ட தடமில்லை, கொம்பு உரசிய தடமில்லை.
கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழலும்
ஒரு சாண் ஆரஞ்சு நைலான்.
அந்த ரோலில் மிச்சம் என் பையில்தான் இருக்கிறது.

தரையிலிருந்து நான்கு விரல்.
மெஷினைத் தோளில் மாட்டி நான் சாதாரணமாக நின்றால்
அது இறங்கும் இடம்.
ஓரம் சுத்தமாயில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று
நெருங்கி நெருங்கி, இரண்டு வருஷம்,
காதில் பாட்டு ஓட.

கிழக்கே மட்டும் இரண்டு விரல் அகலம் பட்டை தப்பியிருந்தது.
அங்கே தண்ணீர்க் குழாய் போகிறது.
உடைந்தால் கூலியில் பிடிப்பார்கள்.
அந்தப் பக்கம் மட்டும் நான் கவனமாக இருந்திருக்கிறேன்.

குஞ்ஞாலி டீ நீட்டினார். காசு வாங்கவில்லை.
ஞானமுத்து கண் காட்டியதை அவரும் பார்த்திருக்க வேண்டும்.
கிளாஸ் சுட்டது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
வெயில் என்று எழுதினால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?
பூச்சி என்றால் மருந்துக்குப் பணம்கூட வரும்.

"புல் வெட்டும் மெஷின்" என்று எழுதினேன்.
பேர் போடவில்லை.
இந்த ஆஸ்பத்திரியில் மெஷின் ஒன்றுதான்.

பிறகு அடிப்புல்லைக் கையால் பிடுங்கினேன், ஒரு முழ வட்டத்துக்கு.
பழைய கட்டடத்து ஓட்டுச் சில்லுகளைச் சுற்றிலும் நட்டேன்.
ஊசி போடும் அறை ஜன்னலிலிருந்து சிஸ்டர் கிரேசி கேட்டாள்:
"பிழைக்குமா?"

இரண்டு விரல் அகலத்தில் எவ்வளவு இறங்கும்,
பட்டினி கிடக்கும் வேருக்கு எது போதும், எனக்குத் தெரியவில்லை.
கோடநாடு பக்கம் மேகம் கொஞ்சம் திரண்டிருந்தது.

"பதினைந்து நாள் கழிச்சு வரச் சொல்லுங்க" என்றேன்,
யாரை என்று தெரியாமல்.